பெயர் எழுதிவைத்த தண்ணீர்

1

தைப்பூசத்துக்கு எனக்கு லீவு கிடையாது. பினாங்கில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், என் நிலைமை புரிந்துவிடும். அங்கே அன்றைக்கு ஊரே கடையைச் சாத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகனைப் பார்த்து நடக்கும். இங்கே அரிசோனாவில், நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், லீவு வேண்டுமென்றால் கணினியில் காரணம் தேட வேண்டும். நோய், துக்கம், பிள்ளைப்பேறு, நீதிமன்ற அழைப்பு, மற்றவை. முருகன் 'மற்றவை'யில் வருகிறார்.

ஒரு வருடம் துணிந்து அதைத் தேர்ந்தெடுத்தேன். மேலதிகாரி அன்பாகக் கூப்பிட்டு, "இது வருடத்துக்கு வருடம் வேறு தேதியில் வருகிறதே, நாங்கள் எப்படித் திட்டமிடுவது?" என்று கேட்டாள். பௌர்ணமியையும் பூச நட்சத்திரத்தையும் அவளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நானே குழம்பி, "பரவாயில்லை, வேலைக்கே வருகிறேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதிலிருந்து தைப்பூசத்தன்று மற்றவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருடமும் அப்படித்தான். ஆனால் மாலை ஷிப்டில் சாப்பாட்டு இடைவேளையின்போது அண்ணன் ஒரு படம் அனுப்பினார். இங்கே முந்தின நாள் மாலை, அங்கே பூசத்துக் காலை. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், போன ஏப்ரலில் அண்ணன் இங்கே வந்து செய்துவிட்டுப் போன காரியத்தைச் சொல்ல வேண்டும்.

2

அண்ணன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெலுகோரில் நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அந்தக் குமாஸ்தா ரத்தமோ என்னவோ, எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அண்ணனுக்கு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதுதான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான காரியம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஐஸ் கட்டி லாரியில் வரும். பைராம் தோட்டத்து நண்பர் ஒருவர் நீல டிரம்களைக் கொண்டுவருவார். அண்ணன் நகராட்சி மஜ்லிஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பெர்மிட் வாங்குவார். சீராப் சர்பத் கலப்பது, கிளாஸ் கழுவுவது, வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கடைசிக் காவடி தாண்டிப் போகும்வரை டிரம் காலியாகக் கூடாது. இதுவரை ஆனதில்லை. இதை அவர் எப்படியும் பேச்சில் நுழைத்துவிடுவார். கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் முதல் தடவையாக எங்களைப் பார்க்க வந்தார். விமான நிலையத்தில் அவருடைய ஜாதிக்காய் ஊறல் பாட்டிலை ஓர் அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டு, இருவருமாக மோந்து பார்த்தார்களாம். "தின்னுப் பாருங்கன்னு சொன்னேன். பயந்துட்டானுங்கலா" என்றார் அண்ணன், பினாங்குப் பேச்சின் 'லா'வை விடாமல்.

என் மகள் யாழினியை நீங்கள் பார்த்ததில்லை. இங்கே அவளுக்குப் பெயர் யாஸ். வேறு வீட்டில் இருக்கிறாள். துணி துவைக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். வாரக் கடைசியானால் முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுவாள். அவளுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவாவது கொஞ்சம் பேச வேண்டுமே.

அவளே ஒருநாள், "மாமாவ கேன்யனுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். அதை அவள் தமிழில் கேட்டதால் உடனே சரி என்றேன். மெக்சிகோ எல்லையில் தொடங்கி வடக்கே மாநிலம் முழுவதையும் கடந்து போகும் ஒரு நெடும் நடைபாதை உண்டு. மாதக் கணக்கில் அதை முழுக்க நடப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு ஒரு பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. ஒரு பகலில் நடந்துவிடலாம் என்றாள். ஒரு முனையில் அவளுடைய ஜீப்பை முதல் நாளே விட்டுவந்தோம். மறுமுனையில் என் காரை நிறுத்திவிட்டு நடப்பதாக ஏற்பாடு. என் கணவரைக் கூப்பிட்டேன். வெயிலில் நடக்க யாராவது சம்பளம் கொடுத்தால் சொல், வருகிறேன் என்றார்.

அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர், என்ன வண்டி, காணாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கேள்விகள். அண்ணன் முறைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ திருப்தியாகத் தலையாட்டினார்.

"நடக்குறதுக்கும் பெர்மிட் கேக்குறானா? அப்ப ஒழுங்கான ஊருதான்."

3

பினாங்குக்காரர்களுக்குப் பாலைவனத்தை எப்படிச் சொல்வது? பச்சையை எடுத்துவிடுங்கள், ஈரத்தை எடுத்துவிடுங்கள், மிச்சம் இருப்பது இதுதான். இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் பாறைச் சுவர். நடுவில் தண்ணீர் ஓடிய தடம் மட்டும் உள்ள மணல். சுவர்களின் மேலே ஆளைவிட உயரமான கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காலையில் நிழல் இருந்தது. பேசினால் குரல் திரும்பி வந்தது. அண்ணன் ஓர் இடத்தில் நின்று மெல்ல, "வேல் வேல்" என்றார். பாறையும் சொன்னது. சிரித்துக்கொண்டே நடந்தார்.

யாழினி எங்கள் ஒவ்வொருவருக்கும் நிறையத் தண்ணீர் அளந்து வைத்திருந்தாள். அண்ணன் அதில் ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் காரிலேயே விட்டுவிட்டார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுவில் அவரைக் குடிக்கச் சொன்னபோதும், "வேர்க்கவே இல்லையே. எதுக்குத் தண்ணி?" என்றார்.

நம் ஊர்க்காரர்களின் கணக்கு அது. கெலுகோரில் பஸ்ஸுக்கு நின்றாலே சட்டை முதுகில் ஒட்டும். வேர்த்தால் தாகம், வேர்க்காவிட்டால் தாகமில்லை. இங்கே வேர்வை தோலுக்கு வெளியே வருவதற்குள் காற்று குடித்துவிடுகிறது. நானே வந்த புதிதில் இப்படித் தலைசுற்றி ஒரு கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தவள்தான்.

நண்பகலை நெருங்கும்போது பள்ளத்தாக்கு கொஞ்சம் அகன்றது. கால்நடைகளுக்காகக் கட்டிய ஒரு சிமெண்டுத் தொட்டி வழியில் இருக்கிறது, நெடும்பாதைக்காரர்கள் அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள் என்று யாழினி சொல்லியிருந்தாள். எட்டிப் பார்த்தோம். அடியில் வெடித்துக் காய்ந்த சேறுதான் இருந்தது. அவள் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். அண்ணன் நிற்கவில்லை. ஊர்வலத்தில் முன்னால் போகிற பழக்கம் அவருக்கு. என் முழங்காலுக்கு ஈடுகொடுத்து யாழினி பின்தங்க, அவர் வளைவில் திரும்பி மறைந்துவிட்டார்.

4

நாங்கள் அந்த வளைவைத் தாண்டியபோது, ஒரு மண் பாதை எங்கள் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில், ஒரு முள்மர நிழலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவியிருந்தார். நெற்றியில் ஈரம். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன். காலடியில் இன்னொன்று, காலியாகக் கிடந்தது.

"வா வா, குடி. இங்கயும் பந்தல் போட்டிருக்காங்க, பாத்தியா" என்று கேனை நீட்டினார்.

எனக்குக் குடிக்கத்தான் கை போயிற்று. யாழினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, இது எங்க இருந்தது?"

"தோ, மரத்தடியிலதான். கல்லு வச்சு மறைச்சு, நல்லா கூலா வச்சிருக்காங்க. சைக்கிள்ல ரெண்டு பையனுங்க வந்தாங்க. ஒருத்தன் விழுந்து முழங்காலெல்லாம் ரத்தம். நல்லா ஊத்திக் கழுவிவிட்டேன். பாட்டில் எல்லாம் ரொப்பிக் கொடுத்தேன். தேங்க்யூ தேங்க்யூன்னாங்க. எனக்கு எதுக்கு தேங்க்யூ, ரூத்துக்குச் சொல்லுங்கன்னேன்."

"ரூத் யாரு?" என்றேன்.

"உபயம் கொடுத்தவங்கலா. பேரு போட்டிருக்கே."

கேனைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு மையில் 'ரூத்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே மறுநாள் தேதி போட்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

யாழினி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குழந்தைக்குச் சொல்வது மாதிரி, தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"மாமா, இது கொடுத்தவங்க பேர் இல்ல. வச்சிருக்கிறவங்க பேர். ரூத் நடந்து வர்றாங்க. ரொம்ப தூரத்திலிருந்து. முன்னாடியே கார்ல வந்து இங்க தண்ணி ஒளிச்சு வச்சிட்டுப் போவாங்க, அப்புறம் நடந்து வருவாங்க. நாளைக்குன்னு எழுதியிருக்கு. இன்னைக்கே கூட வரலாம். அந்தத் தொட்டியில தண்ணி இல்ல, பாத்தீங்கல்ல? இதுதான் அவங்களுக்கு இருக்கு. அடுத்த தண்ணிக்கு இன்னும் ஒரு நாள் நடக்கணும்."

அண்ணன் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஆடியது. மிக மெதுவாக அதை நிழலில் வைத்து மூடியை இறுக்கினார்.

அவர் செய்த தவறை அவர் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். பினாங்கில் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் மின்விசிறியில் பெயர் இருக்கும், டியூப் லைட்டில் இருக்கும், குழாயடியில் இருக்கும், அண்டாவின் கழுத்தில் பொறித்திருக்கும். பெயர் எழுதிய பொருள் என்றால் ஊருக்குக் கொடுத்துவிட்ட பொருள். இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் ஆளுக்கு ஆள் தயிர் டப்பாவில் பெயர் எழுதி வைக்கிறோம். தொடாதே என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் நானும் அப்படி எழுதப் பழகிவிட்டேன். அண்ணனுக்கு முன்னால் நின்றபோது அந்தத் தயிர் டப்பாதான் ஞாபகம் வந்தது.

5

கைப்பேசியில் சிக்னல் இல்லை. யாழினி ஒரு முடிவுக்கு வந்தாள். ஜீப் இருக்கும் முனைக்கு அவள் வேகமாக நடந்து போவாள். ஜீப்பில் எப்போதும் தண்ணீர் வைத்திருப்பாள். இந்த மண் பாதை சுற்றி வளைத்து அங்கேதான் போகிறது, அதன் வழியே திரும்பி வருவாள். நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும். தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எனக்குக் கொடுத்தாள்.

"வெயில்ல தனியாவா போற?" என்றேன்.

"அம்மா, எப்பவும் தனியாத்தான் போறேன்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னாள். அதனால்தான் வலித்தது.

அவள் போன பிறகு அண்ணன் தன் தொப்பியைக் கழற்றிக் கேனுக்கு மேல் வைத்தார். நான் என் பாட்டிலை நீட்டினேன்.

"எனக்கு வேணாம்."

"வெயில்ல விழுந்துடுவீங்க அண்ணே. இது நம்ம தண்ணி."

"நான் என் பங்கைக் குடிச்சிட்டேன்ல? அந்தம்மா குடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், "நீங்க மயங்கி விழுந்தா அந்தம்மாவோட தண்ணியத்தான் உங்க மூஞ்சியில தெளிக்கணும்" என்றேன். அது வேலை செய்தது. இரண்டு வாய் குடித்தார்.

நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். ஒரு பல்லி கல்லின் மேல் ஏறி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அண்ணன் பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்.

"எத்தனை வருஷம் பந்தல் போட்டிருக்கேன். ஒரு நாள் டிரம் காஞ்சதில்லை. இங்க வந்து ஒரு பொம்பளையோட டிரம்மக் காலி பண்ணிட்டேனே."

அண்ணனை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை காய்ந்து, சொரசொரவென்று இருந்தது.

6

ரூத் மறுநாள் வரவில்லை, அன்றைக்கே வந்துவிட்டாள். யாழினி இன்னும் திரும்பியிருக்கவில்லை. வளைவில் முதலில் இரண்டு ஊன்றுகோல் தெரிந்தது, பிறகு அவள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. நரைத்த பின்னல், தூசி படிந்த முகம். எங்களைக் கவனிக்காமல் நேரே மரத்தடிக்குத்தான் வந்தாள். அங்கே கல் விலகியிருந்தது. காலிக் கேன் கிடந்தது. அவள் நின்றாள்.

அண்ணன் எழுந்தார். மிச்சக் கேனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன் நிற்கிற மாதிரி நின்றார். தனக்குத் தெரிந்த பினாங்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"மேடம், சாரி ஆ. யுவர் வாட்டர் ஐ ட்ரிங்க் ஆல்ரெடி. அதர் பீப்பிள் ஆல்சோ ஐ கிவ்."

அவள் அவரைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு முதுகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தன் குவளையை நீட்டினாள். அண்ணன் ஊற்றினார். பந்தலில் ஊற்றுகிற மாதிரியே, ஒரு சொட்டு வெளியே போகாமல். அவள் குடித்தாள். மறுபடி நீட்டினாள். இரண்டாவது குவளையைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

என் மகள் வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று சொன்னேன். இன்றைக்கே அடுத்த மேட்டைத் தாண்டுவதாக இருந்தேன், இனி முடியாது என்றாள் ரூத். குரலை உயர்த்தவில்லை.

"ஆங்ரி ஆ?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாம்" என்றாள்.

அண்ணன் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். மூவரும் நிழலில் உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன். தைப்பூசம், பந்தல், கோயிலில் பொருளுக்குப் பெயர் எழுதும் வழக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். மேலதிகாரியிடம் குழம்பிய மாதிரி குழம்பவில்லை. சைக்கிளில் விழுந்த ஒருவனின் முழங்காலைக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது அந்தப் பையன்களிடம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாராம் என்பதையும் சொன்னேன்.

"எனக்கா?"

"பேரு உங்களோடதுதானே" என்றார் அண்ணன் தமிழிலேயே. நான் மொழிபெயர்த்தேன்.

ரூத் குவளையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பையனின் முழங்கால் எப்படி இருந்தது?"

"ஓக்கே. ஸ்மால் கட் ஒன்லி" என்றார் அண்ணன்.

ரூத் கால் நீட்டி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். விரல்களெல்லாம் கொப்புளம். அண்ணன் அந்தக் கால்களைப் பார்த்தார், பிறகு கேனைப் பார்த்தார். பூசத்து ரோட்டில் இருந்திருந்தால் அவர் கை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கைகளை மடியில் கோத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மண் பாதையில் தூசி கிளம்பியபோது முதலில் எழுந்து நின்றது அவர்தான். யாழினியின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினாள், ஆரஞ்சுப் பழங்களையும். ரூத் தன் தண்ணீர்ப் பைகளையெல்லாம் நிரப்பினாள். அதற்குப் பிறகும் நிறைய மிஞ்சியது. அண்ணன் யாழினியிடம் ஏதோ கேட்டார். அவள் ரூத்திடம் கேட்டுச் சரி என்று தலையசைத்தாள். அண்ணன் மிச்சத் தண்ணீரை மெதுவாக அந்தக் கால்களில் ஊற்றினார். ரூத்தின் தோள் தளர்ந்து இறங்கியது.

என் காரை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு ஜீப்பிலேயே திரும்பினோம். தார் ரோடு வந்ததும் யாழினி கேட்டாள்.

"மாமா, ஏன் கால்ல ஊத்துறீங்க?"

வீடு வரும்வரை அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

7

இந்த ஜனவரியில் யாழினி தாய்லாந்தில் பாறை ஏறப் போகிறேன் என்று கிளம்பினாள். பக்கம்தானே, கெலுகோருக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்றாள். எட்டு நீண்டது. இரண்டு வாரமாக அங்கேயே இருக்கிறாள். நாசி கண்டார் சோறு நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு செய்தி வந்தது.

இன்றைக்குத்தான் அந்தப் படம். பந்தல், தென்னோலை, பைராம் தோட்டத்து நீல டிரம்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் உபயகாரர் பெயர் ஒட்டியிருந்தது. கடைசி டிரம்மில் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதியிருந்தது: 'ரூத் உபயம்'. எழுத்துகள் ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, கோடு ஏறி இறங்கி இருந்தன. சின்ன வயதில் சமையலறை மேசையில் உட்கார வைத்து அழ அழ நான் எழுதப் பழக்கிய கை அது. மறந்துவிட்டாள் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் உறுமி மேளம் காதைப் பிளந்தது.

"நீங்கதான் எழுதச் சொன்னீங்களா?"

"நான் சொல்லலலா. காலையில பாக்குறேன், ஒட்டியிருக்கு. அந்த டிரம்ம வேற யாரையும் தொட விடமாட்டேங்குறா. இரு, கொடுக்குறேன்."

அவள் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"அம்மா, அப்புறம் பேசுறேன். ஆளுங்க நிக்கிறாங்க."

போனை அணைக்க மறந்து எங்கேயோ வைத்துவிட்டாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஊற்றியது. "இந்தாங்க அண்ணே, குடிங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளை முடியும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.